பெல்ஹார் அறிக்கையின் சொல்லாட்சி

சமயச் சபைகள் கூடி நிறைவேற்றும் அறிக்கைகளை இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகுதியாக இல்லை. சமய நூலார் அவற்றைக் கொள்கை நோக்கி ஆராய்வர். வரலாற்றாசிரியர் நிகழ்ச்சி நோக்கி ஆராய்வர். சொல் நோக்கி ஆராய்வார் அரியர். ஆயினும் ஒரு வாக்கியத்தின் அமைப்பு ஒரு திருச்சபையை நிறத்தால் பிளந்ததும், நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு நூல் அவ்வாக்கியத்தை அடியோடு மறுத்து எழுந்ததும் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்துள்ளன. முன்னையது 1857-ஆம் ஆண்டு ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் கேப் பேரவை நிறைவேற்றிய தீர்மானம். பின்னையது 1982-இல் வரைவாக ஏற்கப்பெற்று 1986-இல் முடிவாக நிறைவேறிய பெல்ஹார் விசுவாச அறிக்கை. இரண்டும் அளவால் சிறியன. இரண்டையும் சொற்போக்கு நோக்கி ஒருங்கு வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வரலாற்றுக் குறிப்புச் சிறிது வேண்டப்படும். 1652-இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியார் நன்னம்பிக்கை முனையில் குடியேறினர். அவரோடு அவர்தம் சபையும் சென்றது. அவர்கள் கொண்டுசென்ற அடிமைகளுள் வங்கத்தாரும், மலபார்க் கரையினரும், பழவேற்காடு நாகப்பட்டினம் முதலாய சோழமண்டலக் கரையினரும் இருந்தனர் என்பது நாம் மறத்தற்குரியதன்று. இவ்வடிமைகளும், அந்நிலத்துத் தொல்குடியினரும், ஐரோப்பியரும் கலந்து தோன்றிய மக்களையே பிற்காலத்துச் சட்டம் ‘கலப்பினத்தார்’ எனப் பெயரிட்டு ஒதுக்கியது. இவர்களுள் திருமுழுக்குப் பெற்றோர் வெள்ளையரோடு ஒரே திருவிருந்தில் அமரலாமோ என்னும் வினா எழுந்தபொழுது, நிறமும் பிறப்பும் பாராது யாவர்க்கும் ஒருங்கே திருவிருந்து வழங்கப்பெறல் வேண்டும் என 1829-ஆம் ஆண்டுப் பேரவை முடிவு கூறிற்று. அம்முடிவில் ஐயத்திற்கு இடமில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்த தீர்மானத்திலேதான் சொல் வளையத் தொடங்கிற்று.

1857-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் கருத்து இது. புறச்சமயத்தினின்று வந்த நம் உறுப்பினரை, இயலும் இடமெல்லாம், இப்பொழுதுள்ள சபைகளிலேயே சேர்த்துக்கொள்ளுதல் விரும்பத்தக்கது, வேதத்திற்கும் ஒத்தது. ஆனால் சிலருடைய வலுவின்மையால் இது கிறிஸ்துவின் பணி வளர்தற்கு இடையூறாகும் இடங்களில், அவர்கள் தங்கள் கிறிஸ்தவ உரிமைகளைத் தனிக் கட்டடத்திலோ தனி நிறுவனத்திலோ துய்ப்பார்களாக. இதுவே அதன் பொருள்.

இவ்வமைப்பினை ஊன்றி நோக்குதல் வேண்டும். முற்பகுதி கொள்கையைக் கூறுகின்றது; அதில் குறையொன்றுமில்லை. ‘ஆனால்’ எனத் தொடங்கும் பிற்பகுதி அக்கொள்கைக்கு ஒரு விலக்குக் கூறுகின்றது. இலக்கண முறைப்படி விதி பெரிது, விலக்குச் சிறிது. நடைமுறையிலோ விலக்கு விதியாயிற்று. விதி ஏட்டில் நின்றது. இஃது எவ்வாறு இயன்றது எனின், மூன்று சொற்களால் என்போம்.

முதலாவது ‘சிலர்’ என்பது. யார் அச்சிலர் எனத் தீர்மானம் சொல்லவில்லை. கலப்பினத்தாருடன் ஒரு பலகையில் அமர மறுத்த வெள்ளையர் என்பது அவையிலிருந்த அனைவரும் அறிந்தது. அறிந்ததைக் கூறாது விடுத்தமையின் குற்றஞ்செய்தார் எவரும் இலராயினர். பெயரின்றி, முகமின்றி, எண்ணிக்கையின்றி நிற்கும் ஒரு ‘சிலர்’ ஒரு சபை முழுமையையும் பிரிக்கப் போதுமானவராயினர்.

இரண்டாவது ‘வலுவின்மை’ என்பது. இச்சொல் வாளா வந்ததன்று. உணவு பற்றிய ஐயமுடைய வலுவற்ற சகோதரன்பொருட்டு வலுவுடையோன் தன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் எனப் பவுல் அடிகள் உரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதிய திருமுகங்களில் கூறும் அறிவுரையை இது நினைப்பிக்கின்றது. அங்கு விட்டுக்கொடுப்பவன் வலியவன். பயன் பெறுபவன் மெலியவன். ஈண்டோ நிலமும் ஆட்சியும் கோயிலும் தம் கையிற்கொண்டவர் ‘வலுவற்றவர்’ எனப்பட்டனர். அடிமைத்தளையினின்று அண்மையில் நீங்கியவர் ‘விட்டுக்கொடுப்பவர்’ ஆக்கப்பட்டனர். வேதச்சொல் மாறவில்லை, அதனைச் சூடியவர் மாறினர். ஒரு மேற்கோள் தன் மூலத்திற்கு நேர்மாறாக ஆளப்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது.

மூன்றாவது ‘துய்ப்பார்களாக’ என்னும் வினை. வெளியேற்றுதலாகிய செயலுக்குக் கொடைக்குரிய சொல்லைப் பூட்டியுள்ளனர். தனிக் கட்டடம் தண்டனையன்று, உரிமையைத் துய்த்தற்குரிய இடம் என்பது தோன்றுமாறு வாக்கியம் முடிகின்றது. ‘நம் உறுப்பினர்’ எனத் தொடங்கியவரே இறுதியில் நம் கட்டடத்துக்கு வெளியே நிற்பர். இடையில் அவர்க்குரிய அடையாகிய ‘புறச்சமயத்தினின்று வந்தோர்’ என்பது, திருமுழுக்குப் பெற்று ஆண்டுகள் பல சென்றவரையும் அவர்தம் மக்களையும் என்றும் புதிதாய் வந்தவராகவே வைக்கின்றது.

இதன் விளைவாக 1881-இல் கலப்பினத்தார்க்கென ஒல்லாந்தச் சீர்திருத்த மிஷன் திருச்சபை என்னும் தனிச்சபை தோன்றியது. பின்னர்க் கறுப்பின மக்களுக்கு வேறு சபைகளும், 1968-இல் இந்தியர்க்கு ஒரு சபையும் அமைந்தன. இடையில் 1948-இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இனவொதுக்கலை நாட்டின் சட்டமாக்கிற்று. கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949-இலும், வாழிடங்களை இனவாரியாகப் பகுக்கும் சட்டம் 1950-இலும் வந்தன. 1974-இல் வெள்ளையர் சபை வெளியிட்ட நீண்ட அறிக்கையொன்று, பாபேல் கோபுர வரலாறு முதலிய வேதப்பகுதிகளைக் காட்டித் தனித்தனி வளர்ச்சிக் கொள்கைக்கு இடந்தந்தது. 1857-இல் ‘வலுவின்மை’ எனச் சொல்லப்பட்டது ஏறத்தாழ நூறாண்டில் ‘இறைவன் திருவுளம்’ எனச் சொல்லப்படும் நிலையை அடைந்தது. பெல்ஹார் அறிக்கையுடன் செல்லும் முகவுரைக் கடிதம் இம்மாற்றத்தைத்தான் சுட்டுகின்றது. ஒருகாலத்தில் பாவமென உணரப்பட்டவை காலப்போக்கில் தாமே விளங்கும் நேர்மைபோலத் தோன்றலாயின எனவும், தெளிவாகச் சான்று பகராமையால் தாமும் அதற்கு உடன்பொறுப்பாளர் எனவும் ஒடுக்கப்பட்ட சபையே அதில் கூறுவது வியப்பிற்குரியது.

அறிக்கை எழுந்த சூழலைச் சுருங்கக் கூறுவாம். இனவொதுக்கல், மக்கள் ஒருவரோடொருவர் ஒப்புரவாக இயலார் என்பதனையே தொடக்கமாகக் கொள்கின்றது; ஆதலின் அது நற்செய்திக்கு முரண் என மிஷன் சபையின் பேரவை 1978-இல் அறிவித்தது. 1982 ஆகஸ்டில் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டிணைப்பு, இனவொதுக்கலை விசுவாசமே அடிப்படையாக நிற்கும் வினா என அறிவித்து, வெள்ளையர் சபைகள் இரண்டன் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. மிஷன் சபையைச் சார்ந்த ஆலன் பூசாக்கைத் தலைவராகத் தெரிந்தெடுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் கேப்டவுனை அடுத்த பெல்ஹாரில் மிஷன் சபையின் பேரவை கூடியது. விசுவாசமே வினாவாயின் விடையும் விசுவாச அறிக்கையாதல் வேண்டுமன்றோ என்னும் கருத்து அங்கே எழ, சிறு குழுவொன்று வரைவினை இயற்றியது. நான்காண்டுகள் அது சபைதோறும் படிக்கப்பெற்றுப் பின்னரே நிறைவேறியது.

ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அது எழுதப்பட்டமையும் கருதற்குரியது. அம்மொழியை ஆள்வோர் மொழி என்பர். ஆனால் அது அடிமைகளின் நாவிலும் உருப்பெற்ற மொழியாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேப்பிலிருந்த முஸ்லிம்கள் அதனை அரபு எழுத்தில் எழுதினர் என்பதும் அறிஞர் அறிந்ததே. தம்மை ஒதுக்கியவர் தம் மொழியெனக் கொண்டாடிய மொழியிலேயே, அவர்கள் கையொப்பமிட்ட ஹைடல்பர்க் வினாவிடையின் (1563) சொற்களைக் கொண்டே, மிஷன் சபையார் தம் மறுப்பைத் தொடங்குகின்றனர். சபையைக் கூட்டுபவனும் காப்பவனும் பேணுபவனும் இறைவன் என்னும் முதற்பகுதித் தொடர் அவ்வினாவிடையின் எதிரொலி. எதிர்தரப்பார் மறுக்கவொண்ணாத இடத்தில் காலூன்றி நின்று வாதிடும் திறம் இது.

அறிக்கை ஐந்து பகுதிகளை உடையது: மூவொரு இறைவன், சபையின் ஒருமை, ஒப்புரவு, நீதி, கீழ்ப்படிதல் என்பன. நடுவண் நிற்கும் மூன்று பகுதிகளும் ஒரே அமைப்பின. முதலில் ‘நம்புகின்றோம்’ எனத் தம் கோள் நிறுவி, ‘ஆதலால் மறுக்கின்றோம்’ எனப் பிறர் கோள் களைவது அவ்வமைப்பு. ஜெர்மனியில் 1934-இல் இயற்றப்பெற்ற பார்மென் அறிக்கையினின்று இம்முறை பெறப்பட்டது. நம்மவர்க்கும் இது புதிதன்று. நன்னூலார் எண்ணும் எழுவகை மதங்களுள் மறுத்தலும் ஒன்று. சிவஞான சித்தியாரோ பரபக்கம், சுபக்கம் எனப் பகுப்பாகவே அமைந்தது. ஆனால் ஈண்டு இரண்டு வேறுபாடுகள் உள. அருணந்தி சிவாசாரியார் பிறர் மதத்தை முன்னர் மறுத்துத் தம் மதத்தைப் பின்னர் நிறுவுகின்றார். பெல்ஹார் அறிக்கை தன் நம்பிக்கையை முன்வைத்து, மறுப்பினை அதன் விளைவாகப் பின்வைக்கின்றது. மேலும் சித்தியார் உலகாயதன் முதலாக மறுக்கப்படுவோரைப் பெயர் சுட்டி அழைக்கின்றது. பெல்ஹார் அறிக்கை எவரையும் பெயர் சுட்டவில்லை.

இரண்டாம் வேறுபாடே அறிஞரிடைப் பெரிதும் வாதிக்கத்தக்கது. ‘அபார்ட்டைட்’ என்னும் சொல் அறிக்கையில் எங்கணும் இல்லை. நாட்டின் பெயரும் இல்லை. கிறிஸ்தவ நாடெனத் தன்னைக் கூறிக்கொள்ளும் ஒரு நாட்டில் இனத்தின்பேரால் மக்களை வலிந்து பிரித்தல் என்று மட்டுமே ஒப்புரவுப் பகுதி உரைக்கின்றது. இது கோழைமை என ஒருவர் கூறலாம். பார்மென் அறிக்கை யூதர் என்னும் பெயரையே எடுத்துரைக்காது விட்டமைக்கு இன்றுவரை பழிக்கப்படுவதை அவர் சான்று காட்டவும் கூடும். அவ்வொப்புமை முற்றும் பொருந்தாது என்பது நம் கருத்து. பார்மென் அறிக்கை துன்புறுவோரைச் சொல்லாது விட்டது. பெல்ஹார் அறிக்கை துன்புறுத்தும் கொள்கையின் செயலை இனம், நிறம் என்னும் சொற்களால் வெளிப்படவே கூறி, அதன் அரசியற் பெயரை மட்டும் விட்டது. பெயரை மாற்றிக்கொள்ளுதல் கொள்கைக்கு எளிது. அவ்வரசே ‘தனித்தனி வளர்ச்சி’ என வேறு பெயர்களை வழங்கியது. செயலைச் சொல்லி மறுத்த மறுப்பினின்று பெயர் மாற்றத்தால் தப்ப இயலாது.

1857-ஆம் ஆண்டுத் தீர்மானமும் பெயர் கூறாதது, இதுவும் பெயர் கூறாதது. ஆயின் இரண்டும் ஒன்றோ எனின், அன்று. அங்குப் பெயரின்மை செய்தவரை மறைத்தற்கு உதவியது. இங்கு அது செய்தவர் திரும்பி வருதற்கு வழி விடுகின்றது. இவ்வறிக்கை எந்த மனிதர்க்கும் எந்தச் சபைக்கும் எதிராக எழுந்ததன்று, பொய்க்கொள்கைக்கு எதிராகவே எழுந்தது என முகவுரைக் கடிதம் வெளிப்படையாகக் கூறுவதால், அப்பெயரின்மை கரவன்று என்பது போதரும். அக்கடிதம் நடையழகால் அறிக்கையினும் ஒருபடி மேம்பட்டது என்றே சொல்லுவோம். அறிக்கையின் ஒப்புரவுப் பகுதியில் பண்புப்பெயர்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டு வாக்கியம் மூச்சுத் திணறுகின்றது. குழுவாக இயற்றப்படும் நூல்கட்கு இயல்பான குற்றம் அது.

இக்குற்றம் நீங்கி நூல் தலைநிமிரும் இடம் நீதி பற்றிய நான்காம் பகுதியாகும். ஈண்டு வினைகள் முந்துகின்றன. ஒடுக்கப்பட்டோர்க்கு நீதி செய்தல், பசித்தோர்க்கு உணவீதல், சிறைப்பட்டோரை விடுவித்தல், குருடர்க்குக் கண் தருதல், அயலாரைக் காத்தல், தாயற்றார் தந்தையற்றார்க்கும் கைம்பெண்டிர்க்கும் துணையாதல் என, 146-ஆம் சங்கீதத்தின் அடியொற்றி இறைவனின் செயல்கள் நிரல்படுகின்றன. இறைவன் சிறப்பு வகையால் வறியோர்க்கும் இழைக்கப்பட்ட அநீதியால் நலிந்தோர்க்கும் உரிய இறைவன் என்னும் கூற்று இப்பகுதியிலேயே உள்ளது. அறிக்கை முழுவதிலும் மிகுந்த எதிர்ப்பினைக் கண்ட தொடர் இதுவே. ‘சிறப்பு வகையால்’ என்பது பாகுபாடன்றோ, விடுதலை இறையியலின் சாயலன்றோ என வெள்ளையர் சபையினர் பலர் வினவினர். இறைவன் யாவர்க்கும் பொதுவன் என்பதை மறுத்தால் குற்றமே. ஆனால் இத்தொடர் பொதுமையை மறுக்கவில்லை. தாய்க்கு மக்கள் அனைவரும் ஒப்பர். நோயுற்ற குழவிபால் அவள் விழித்திருப்பது ஏனையோர்மாட்டு அன்பின்மையாகாது. நடுநிலை என்னும் பெயரால் அத்தொடரை நீக்குமாறு கேட்பது, ‘சிலருடைய வலுவின்மை’க்கு மறுபடியும் இடங்கொடுப்பதாகவே முடியும்.

இதனைத் தொடர்ந்து வரும் தொடர், சபையானது இறைவன் நிற்கும் இடத்தில் நிற்றல் வேண்டும், அதாவது அநீதிக்கு எதிரிலும் அநீதிக்கு உள்ளாக்கப்பட்டோர் அருகிலும் நிற்றல் வேண்டும் என்கின்றது. மூலத்தில் ‘பேய்’ என ஒலிக்கும் சிறிய இடைச்சொல்லே ‘அருகில்’ என்னும் பொருளைத் தருகின்றது. ஆங்கிலப் பெயர்ப்பு ‘உடன்’ என்கின்றது. தமிழில் இதனைப் பெயர்ப்பார் ‘துணை நிற்றல்’ என எழுதுதல் எளிது, செவிக்கும் இனிது. ஆயினும் அது தகாது. துணை நிற்பவன் தான் உயர்ந்த இடத்திலிருந்து கைகொடுப்பவனாகக் கருதப்படுவன். நூல் குறிப்பது இடத்தையே, உதவியை அன்று. எந்த இடத்தினின்று மக்கள் வெளியேற்றப்பட்டார்களோ, எந்தத் தனிக்கட்டடத்தில் அவர்கள் அமர்த்தப்பட்டார்களோ, அவ்விடத்தில் சென்று நிற்றலே கூறப்பட்டது. ‘பக்கத்தே நிற்றல்’ என்பது இசை குறைந்ததாயினும் பொருள் நிறைந்தது.

உறுப்புரிமை பற்றிய தொடரொன்றும் தனியே நோக்கற்குரியது. பிறப்போ வேறெந்த மானிடச் சமுதாயக் காரணமோ சபையில் உறுப்பினராதற்கு அளவுகோலாதல் கூடாது என ஒருமைப் பகுதியின் மறுப்பு உரைக்கின்றது. ‘வேறெந்த’ என்னும் இச்சொல் இயற்றியவர் எண்ணியதனினும் நெடுந்தொலைவு செல்லும் ஆற்றலுடையது. 2008-இல் ஐக்கியச் சபையின் பொதுப்பேரவையில், தன்பாலின விழைவுடையார் சபைப்பணி ஏற்றற்கும் பெல்ஹார் அறிக்கையே அடிப்படையாகும் எனப் பூசாக் வாதிட்டார். பேரவை இசையாமையால் தம் சபைப் பதவிகளைத் துறந்தார். இயற்றிய சபையே தன் நூலின் சொல்லளவைக் குறித்து உடன்படவில்லை. நூலின் சொல் பொதுமையில் நிற்கின்றது என்பதே நாம் கொள்ளும் முடிபு. இயற்றியோர் உள்ளத்தில் அன்றிருந்தது நிறம் ஒன்றே என்பது அச்சொல்லைச் சுருக்குதற்குப் போதிய காரணமாகாது; விதிச்சொல் விரிந்து நிற்க, வழக்கு அதனைச் சுருக்கிய கதையை 1857-இல் நாம் கண்டுள்ளோம்.

1994 ஏப்ரலில் மிஷன் சபையும் கறுப்பின மக்களின் ஆப்பிரிக்கச் சபையும் இணைந்து தென்னாப்பிரிக்க ஐக்கியச் சீர்திருத்தத் திருச்சபை ஆயின. பெல்ஹார் அறிக்கை அதன் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. கடல் கடந்தும் அது சென்றது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபை 2010-இலும், அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பிரஸ்பிடேரியன் திருச்சபை 2016-இலும் அதனைத் தம் அறிக்கைகளுள் ஒன்றாக ஏற்றன. வட அமெரிக்கக் கிறிஸ்தவச் சீர்திருத்தத் திருச்சபை 2012-இல் அதனை ஏற்றும், பழைய அறிக்கைகளுக்கு நிகரான தகுதி கொடாது வேறு வகுப்பில் வைத்தது. ‘ஏற்கின்றோம், ஆனால்’ என்னும் வாய்பாடு ஈண்டும் தலைகாட்டுதல் காண்க.

எவரை நோக்கி அறிக்கையின் கதவு திறந்து வைக்கப்பட்டதோ அவர் அதனுட் புகுந்தாரோ என்பது எஞ்சிய வினா. வெள்ளையர் சபை 1986-இல் தன் உறுப்புரிமையை எல்லா இனத்தார்க்கும் திறந்தது. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் மாநாட்டில் அச்சபையின் இறையியற் பேராசிரியர் வில்லி யோங்கர் இனவொதுக்கலின் பாவத்தைத் தம் பெயராலும் சபையின் பெயராலும் அறிக்கையிட்டார். பெல்ஹார் அறிக்கைக்குத் தன் சபைச் சட்டத்தில் இடந்தருதற்கு அச்சபையின் பொதுப்பேரவை பின்னர் முன்வந்தது. அத்திருத்தத்திற்கு வட்டாரப் பேரவைகள் ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. 2015-இல் அது கிட்டவில்லை. கொள்கையளவில் தமக்கு மறுப்பில்லை, சபையோர் பலர் இன்னும் ஆயத்தமாக இல்லை, அவர்களை இழக்க நேரும் என்பது அப்பொழுது பலர் கூறிய காரணம்.

அச்சபையோர் பலர் யாவர் எனப் பெயர் சுட்டப்படவில்லை.